தகனத்திற்குப் பிறகு சாம்பலை என்ன செய்வது? பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், பந்தல் போடுவது, பத்திரங்களுக்கு அலைவது, சுடலைக்கு வண்டி பேசுவது என்று உடன் நிற்கும் சிலரில் நானும் ஒருவன். தகனம் வரைக்கும் எழும் ஐயங்களைத் தீர்க்க வீட்டுப் பெரியவர்களும், இறுதிக் கிரியைகளைச் செய்துவைக்கும் பண்டாரமும் இருப்பார்கள். மறுநாள் காலையில் சாம்பல் கைக்கு வந்த பிறகு எழும் கேள்விகளைத்தான் பலர் தயங்கித் தயங்கி, வண்டியில் ஏறும்போதோ தொலைபேசியிலோ என்னிடம் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்களும் ஏறத்தாழ அதே கேள்விகளைக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுடலையில நம்ம கையில குடுக்கிறது சாம்பலா, எலும்பா? எவ்வளவு இருக்கும்?

பேச்சுவழக்கில் சாம்பல் என்கிறோமே தவிர, பெரும்பகுதி எலும்புதான். மின்சுடலை என்று நாம் அழைக்கும் உலையில் வெப்பம் ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை செல்லும். அந்த வெப்பத்தில் தசையும் நீரும் ஆவியாகிவிட, எலும்பின் சுண்ணாம்புச் சத்து மட்டுமே மிஞ்சும். வளர்ந்த ஒருவருக்கு அது பொதுவாக இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும். சிறிய மண் கலயம் கொண்டுபோய்விட்டுப் பாதியை எதில் அள்ளுவது என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று லிட்டருக்குக் குறையாத கலயமாக வாங்குங்கள்.

சில இடங்களில் எலும்புத் துண்டுகளாகவே தட்டில் வைத்துத் தருவார்கள். சில இடங்களில் இயந்திரத்தில் பொடியாக்கித் தருவார்கள். எலும்பு பொறுக்கும் சடங்கைச் செய்ய விரும்பும் குடும்பத்தினர், பொடியாக்க வேண்டாம் என்பதைத் தகனத்தன்றே ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும். பொடியாக்கிய பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

எப்ப போய் வாங்கணும், யார் போகணும்?

தகனத்தின் மறுநாள் காலையில் வாங்குவதே வழக்கம். பினாங்கில் பத்து லஞ்சாங் சுடலையானாலும், கோலாலம்பூரில் செராஸ் அல்லது பெட்டாலிங் ஜெயாவில் கம்போங் துங்கு தகன நிலையமானாலும், தகனத்துக்குக் கையொப்பமிட்டவர் தம் அடையாள அட்டையோடும் ரசீதோடும் நேரில் செல்வது நல்லது. அவர் வர இயலாவிட்டால் வேறு யாரிடம் ஒப்படைப்பார்கள், எத்தனை நாள் வரை வைத்திருப்பார்கள் என்பவற்றை முதல் நாளே கேட்டு, ரசீதின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் காதில் விழுவது எதுவும் மனத்தில் தங்குவதில்லை.

தகனச் சான்றிதழ் ஒன்றையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் இறப்பை ஏழு நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும். அந்த இறப்புப் பத்திரத்தோடு தகனச் சான்றிதழையும் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். பின்னாளில் சாம்பலை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல நினைத்தால் இரண்டுமே தேவைப்படும்.

மறுநாளே கடல்ல கரைச்சிடணுமா? பதினாறு வரைக்கும் வச்சிருந்தா தப்பா?

நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள், சாம்பலை வாங்கிய அன்றே பால் தெளித்து, பூவும் எள்ளும் பச்சரிசியும் சேர்த்து, நேரே கடற்கரைக்குச் செல்கின்றன. இதற்கு நம்பிக்கை ஒரு காரணம் என்றால் வசதி இன்னொரு காரணம்: உறவினர்கள் கூடியிருப்பார்கள், பண்டாரம் உடனிருப்பார், விடுமுறையும் முடிந்திருக்காது. வேறு சிலர் பதினாறாம் நாள் கருமக்கிரியையை ஒட்டிக் கரைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்துசேரும் வரை காத்திருப்பவர்களும் உண்டு.

எட்டாம் நாள் படையலுக்கும் பதினாறாம் நாள் கிரியைக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் நீரில் சேர்வதற்கு அப்படி எல்லாக் குடும்பங்களையும் கட்டுப்படுத்தும் ஒரே நாள் இல்லை. அந்த வெப்பத்தைக் கடந்து வந்த பொருள் அழுகாது, நாறாது, நோயும் பரப்பாது. அவரவர் குல வழக்கம் மறுநாளே என்று தெளிவாக இருந்தால் அதன்படி செய்யுங்கள். வீட்டில் இரண்டு கருத்து இருக்கும்போது மட்டும், பண்டாரம் கிளம்பத் தயாராக நிற்கிறார் என்பதற்காக முடிவெடுத்துவிடாதீர்கள். கிரியைகளை அவற்றுக்குரிய நாளில் முடித்துவிட்டுச் சாம்பலை ஒரு மாதம் கழித்துக் கரைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். மறுநாளே கரைத்துவிட்டு, வந்துசேர்ந்த மகளிடம் முகம் கொடுக்க முடியாமல் நின்ற குடும்பமும் தெரியும்.

எங்க போய் கரைக்கிறது? பினாங்குல கடற்கரைக்கா பஞ்சம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா போய் நின்னா ஒரு இடமும் சரியா படலை.

நீங்கள் சொல்வது சரிதான். பத்து ஃபெரிங்கியில் சுற்றுப்பயணிகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். குர்னி டிரைவ் ஓரத்தில் நீர் வற்றினால் சேறுதான். தஞ்சோங் பூங்கா, தெலுக் பஹாங் போன்ற இடங்களில் மீனவர்களின் படகுத்துறையை நாடி, ஒரு படகு பேசிக்கொண்டு கரையைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போவதே என் பரிந்துரை. கூலியைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகுக்காரர் முடிவு செய்யட்டும். எல்லோருக்கும் உயிர்காப்பு மேலாடை கேளுங்கள். வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கடல் அருகில் இல்லை. பலர் கிள்ளான் துறைமுகப் பக்கமும், மோரிப் கடற்கரைக்கும், சற்றுத் தொலைவானாலும் போர்ட்டிக்சனுக்கும் செல்கிறார்கள். மோரிப்பில் கரை மிகத் தட்டையானது. நேரம் தவறிப் போனால் நெடுந்தூரம் சேற்றில் நடந்தும் முழங்கால் ஆழத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அது அடுத்த கேள்விக்கு உரியது.

போன தடவை மாமாவோட சாம்பலைக் கரைச்சப்போ எல்லாம் திரும்பிக் கரைக்கே வந்துடுச்சு. ஏன் அப்படி?

நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரைத்திருப்பீர்கள். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். ஏறும் நீர் எதையும் கரைக்கே கொண்டுவரும். வற்றும் நீர் உள்ளே இழுத்துச் செல்லும். எனவே நீர் உச்சத்துக்கு ஏறி, இறங்கத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமே ஏற்றது: ஆழமும் இருக்கும், ஓட்டமும் வெளிப்புறமாக இருக்கும். முழுதும் வற்றிய பிறகு போனால் மேலே சொன்ன சேறுதான்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இந்த ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். அந்த நாட்களில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் மாறும். பினாங்கில் அதில் பாதி அளவுக்கு மாறும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கரைக்க விரும்புகிறவர்கள் பஞ்சாங்கத்தோடு கடல் ஏற்ற அட்டவணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட எளிய வழி, முதல் நாள் மாலையில் ஒரு மீனவரிடம் கேட்பது. அட்டவணை பார்க்காமலே சொல்லிவிடுவார்.

காற்றையும் கவனியுங்கள். என் பாட்டியின் சாம்பலைக் காற்றுக்கு எதிராக நின்று தூவி, என் வேட்டி சட்டை முழுதும் பூசிக்கொண்டேன்; அழுதுகொண்டிருந்த சின்ன அத்தை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கலயத்தை நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்தி, காற்று முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று, மெல்லச் சாய்த்தால் இந்தக் கதி நேராது.

கலயத்தோட சேர்த்து அப்படியே போட்டுடலாமா? மாலை, துணி எல்லாம்?

சாம்பல், உதிர்ந்த பூ, அரிசி, எள், பால், பிண்டம் ஆகியவை நீரோடு நீராகிவிடும். நைலான் நூலில் கட்டிய மாலை, ஜிகினா, நெகிழிப் பை, சாமி படம், இறந்தவரின் கண்ணாடி, மருந்து டப்பா ஆகியவை அப்படி ஆகா. மாலையை உதிர்த்து இதழ்களை மட்டும் இடுங்கள். நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் சேருங்கள்.

படகில் சென்றால், சுடுமண் கலயத்தில் நீர் நிரப்பி மூழ்கவிடலாம். கரையில் நின்று கரைத்தால் கலயத்தை விட்டுவிட்டு வராதீர்கள். அது உடைந்து, குளிக்க இறங்கும் பிள்ளைகளின் காலைக் கிழிக்கும். வாயைக் கட்டிய கலயம் மூழ்காமல் மிதந்து கரைக்கு வந்து, விடியலில் ஓட வந்தவர் ஒருவர் பயந்துபோய்ப் போலீசைக் கூப்பிட்ட கதையையும் கேட்டிருக்கிறேன். கட்டிய சிவப்புத் துணியை முதலில் அவிழ்த்துவிடுவது நல்லது.

ஆத்துல கரைக்கலாமா? ஊர்ல காவிரியிலதானே கரைப்பாங்க.

நீரின் அளவும் ஓட்டமும் வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆறுகள் குறுகியவை. அவற்றில் பல குடிநீர் எடுக்கும் இடங்களுக்கு மேல்புறம் ஓடுகின்றன. சிலாங்கூரில் ஆற்று நீரை மாசுபடுத்துவது 1999ஆம் ஆண்டின் நீர் நிர்வாகச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஒரு பிடி சாம்பலை யாரும் வழக்காக்கிவிட மாட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. ஆனால் படையலும் மாலையும் தேங்கிக் கிடக்கும் பாலத்தடியில் ஒருவரை விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆறுதான் வேண்டும் என்றால், அது கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குச் செல்லுங்கள்.

பண்டாரம் இல்லாம நாங்களே கரைக்கலாமா?

கரைக்கலாம். பண்டாரம் உடனிருந்தால் பிண்டம் வைப்பது முதல் கலயத்தை எந்தத் தோளில் ஏந்துவது வரை ஒழுங்காக நடக்கும். அதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. அவர் கிடைக்காத நாளில், கற்பூரம் ஏற்றி, தெரிந்த ஒரு பதிகத்தைப் பாடி, பெயரைச் சொல்லிக் கரைத்தால் குறையேதும் வராது. பதினாறாம் நாள் கிரியைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்க வீட்டுல நாங்க மூணு பொண்ணுங்க மட்டும்தான். பொண்ணுங்க கரைக்கக்கூடாதுன்னு சித்தப்பா சொல்றாரு.

பெண்கள் சுடலைக்குச் செல்லாத வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. அதைக் கடைப்பிடித்தவர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இந்நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. தகன நிலையத்தாரும் கையொப்பமிட்டவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. பெற்ற தாய்க்குக் கொள்ளியும் வைத்துச் சாம்பலையும் கரைத்த மகள்களைப் பினாங்கிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். மந்திரம் சொன்ன பண்டாரமும் மறுக்கவில்லை.

சித்தப்பாவைத் தள்ளிவிடாமல் செய்ய ஒரு வழி உண்டு. கலயத்தைக் கரை வரை அவர் சுமந்து வரட்டும். நீரில் விடுவதை நீங்கள் மூவரும் செய்யுங்கள். மறுத்துப் பேசும் பெரியவருக்குப் பல வேளைகளில் தமக்கும் அதில் ஓர் இடம் வேண்டும் என்பதே குறை.

என் மனைவி ஆறு மாசம். கடல்ல இறங்கக்கூடாதுங்கிறாங்க. ஆனா நான் தலைப்பிள்ளை.

கர்ப்பிணியின் கணவர் சவம் சுமப்பதையும் கடலில் நீராடுவதையும் தவிர்ப்பது தமிழர்களிடையே பரவலான வழக்கம். உங்கள் மனைவிக்கோ அவருடைய தாயாருக்கோ மனக்கலக்கம் இருந்தால் அதை மதியுங்கள். பேறுகாலத்தில் அந்தக் கலக்கம் தேவையில்லாதது. தம்பியோ பங்காளி முறையில் ஒருவரோ நீரில் இறங்க, நீங்கள் கரையில் நின்று எள்ளும் நீரும் இறைக்கலாம். அல்லது, மறுநாளே கரைப்பதைப் பற்றி முன்னே சொன்னபடி, குழந்தை பிறந்து தீட்டுக் கழியும் வரை கலயத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு நீங்களே கரைக்கலாம்.

வீட்டுல வச்சிருக்கலாமா? கொரோனா சமயத்துல போன அண்ணனோட சாம்பல் இன்னும் அலமாரியிலேயே இருக்கு. சொல்லவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட வேண்டாம், இதைச் சொன்னவர்களில் நீங்கள் முதலாமவர் அல்லர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின், மாவட்டம் தாண்ட முடியாமலும் கூட்டம் சேர முடியாமலும் பல குடும்பங்கள் கலயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டன. பிறகு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது கரைத்தால் யார் என்ன கேட்பார்களோ என்ற தயக்கமே தடையாக நிற்கிறது.

வீட்டில் சாம்பல் இருந்தால் ஆன்மா அலையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அன்போடு வைத்திருப்பதில் என்ன பிழை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதியில்லை. நடைமுறையில் பார்க்க வேண்டியது ஒன்று: உங்களுக்குப் பிறகு அந்தக் கலயத்தை யார் எடுப்பார்கள்? யாருடையது என்று தெரியாத கலயம் ஒன்றை, வீடு மாறும்போது கண்டெடுத்த ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பெயரும் நாளும் எழுதிய சீட்டு ஒன்றேனும் உள்ளே இருக்க வேண்டும். கரைப்பதானால், அவர் திதியன்றோ மகாளய அமாவாசையன்றோ ஒரு நாள் குறியுங்கள். கலயத்தை முதல் நாள் இரவே அலமாரியிலிருந்து எடுத்து, நடுவீட்டில் விளக்கேற்றி வையுங்கள். அன்று கூடி அழ முடியாதவர்களுக்கு அந்த ஓர் இரவு உதவுகிறது.

பாதியை இங்க, பாதியை ராமேஸ்வரத்துல கரைக்கலாமா? பிரிக்கக்கூடாதுன்னு சொல்றாங்களே.

இந்துக் குடும்பங்களில் பிரிப்பது புதிதன்று. காந்தியடிகளின் சாம்பல் பல கலயங்களாகப் பிரிக்கப்பட்டு, 1948 பிப்ரவரி 12ஆம் நாள் அலகாபாத்திலும் வேறு பல இடங்களிலும் கரைக்கப்பட்டது. கன்னியாகுமரியில் கரைக்கும் முன் கலயம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. நேருவின் விருப்பப்படி ஒரு பிடி கங்கையிலும், பெரும்பகுதி விமானத்திலிருந்து இந்தியாவின் வயல்கள்மீதும் தூவப்பட்டது. பிரிப்பதானால் முழுச் சாம்பலும் கைக்கு வந்த அன்றே பிரித்து, தனிக் கலயத்தில் முத்திரையிட்டு வையுங்கள். கத்தோலிக்கர்களுக்கு இது பொருந்தாது. அதைக் கீழே பார்ப்போம்.

காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ விமானத்துல கொண்டுபோக என்னென்ன வேணும்?

இறப்புப் பத்திரம், தகனச் சான்றிதழ், இறந்தவரின் அடையாள அட்டை அல்லது கடப்பிதழின் நகல், கொண்டுசெல்பவரின் கடப்பிதழ் ஆகியவற்றோடு முதலில் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தைக் கேளுங்கள். நம் பத்திரம் மலாயில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் உடன் வைத்திருப்பது நல்லது. அடுத்து, பயணச்சீட்டு வாங்கும் முன் விமான நிறுவனத்திடம், கையில் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் பதில் பெறுங்கள்.

பித்தளைக் கலயம் அழகாக இருக்கும். ஆனால் பாதுகாப்புச் சோதனைக் கருவியில் உலோகத்தின் உள்ளே இருப்பது தெரியாது, திறந்து காட்டும்படி கேட்கும் சங்கடம் நேரலாம். மரப்பேழையிலோ தடித்த அட்டைப் பேழையிலோ, உள்ளே இருமடிப் பையில் கட்டிக் கொண்டுசெல்லுங்கள். கலயத்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே என்பது உங்கள் விருப்பம். இராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், கன்னியாகுமரி, பவானி கூடுதுறை, காசி ஆகிய இடங்களுக்கு நம்மவர்கள் செல்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்கு விமானம் இருப்பதால், முதியவர்களோடு செல்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை எளிது. ஆனால் மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12, மூடப்படுவது ஜனவரி 28. பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே போனால் காவிரியில் மணலையே பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

சீனர்கள் மாதிரி மாடத்துல வைக்கலாமா? நமக்கு அது வழக்கமே இல்லையே.

சாம்பல் பேழையை மாடத்தில் வைத்து, செங் பெங் நாளில் குடும்பத்தோடு சென்று வணங்கும் சீன அண்டை வீட்டாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம் நம் பிள்ளைகளுக்கும் வருவதில் வியப்பில்லை. எலும்பைக் கலத்தில் இட்டு மண்ணில் காப்பதும் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரின் தாழிகளில் கிடைத்த எலும்புகளே சான்று.

பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேளுங்கள். மாடம் எத்தனை ஆண்டுக்கு உரியது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டா, கட்டத் தவறினால் பேழையை என்ன செய்வார்கள், ஒரு மாடத்தில் எத்தனை பேழை வைக்கலாம், கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்ற அனுமதி உண்டா என்பவற்றுக்கு வாய்ச்சொல் போதாது. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். துக்க வீட்டுக்கே வந்து இன்று பதிந்தால் தள்ளுபடி என்று சொல்லும் முகவரிடம் கையொப்பமிடாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிக் கையொப்பமிட்டு, மாதத் தவணை கட்ட முடியாமல் ஈராண்டு அல்லற்பட்டார்.

அப்பா நட்ட மாமரத்தடியில புதைச்சா என்ன?

எண்ணம் நல்லது, ஆனால் மரத்துக்கு நல்லதன்று. தகனச் சாம்பலில் காரத்தன்மை மிகுதி, உப்பும் உண்டு. வேரடியில் மொத்தமாகக் கொட்டினால் மரம் வாடக்கூடும். விறகுச் சாம்பலை உரமாக இடுவதோடு இதை ஒப்பிடாதீர்கள். சிறு பங்கை மட்டும் எடுத்து, பல மடங்கு மட்கிய உரத்தோடும் மண்ணோடும் கலந்து, வேரைவிட்டுத் தள்ளி இட்டால் தாங்கும்.

நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதையும், அது என்றைக்கும் உங்களுடையதாக இருக்குமா என்பதையும் யோசியுங்கள். தோட்டப்புறங்களில் பிறந்து, அந்தத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாத்தாவுக்குப் பினாங்கு மலைன்னா உயிர். அங்க தூவலாமா?

அது பொதுக்காடு, 2021 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும்கூட. அனுமதியின்றித் தூவ வேண்டாம். மலை தெரியும் தொலைவில் படகை நிறுத்திக் கடலில் கரைத்த குடும்பம் ஒன்று உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா கத்தோலிக்கர், அப்பா இந்து. அம்மாவைத் தகனம் பண்ணியாச்சு. அப்பா கடல்ல கரைக்கணும்ங்கிறார், ஃபாதர் வேண்டாங்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை ஏற்கிறது; சாம்பலைத் தூவுவதையும் கடலில் கரைப்பதையும் ஏற்பதில்லை. 2016ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, சாம்பல் கல்லறையிலோ ஆலய மாடத்திலோ புனிதமான ஓர் இடத்தில் வைக்கப்பட வேண்டும். 2023 டிசம்பரில் வந்த விளக்கம், மிகச் சிறு பங்கை இறந்தவருக்கு முக்கியமான ஓரிடத்தில் வைப்பதற்கு மேய்ப்புப்பணிப் பொறுப்பாளர் இசையலாம் என்று சற்றே தளர்த்தியது.

ஆகவே ஃபாதர் சொல்வது அவருடைய சொந்தக் கண்டிப்பு அன்று. முதலில் அம்மா என்ன விரும்பினார் என்பதைத் தேடுங்கள். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குச் சென்றவரானால் பதில் அங்கேயே இருக்கிறது. அப்பாவின் மனக்குறைக்கு, கல்லறையில் பேழையை வைத்த பின் கடற்கரைக்குச் சென்று பூவும் நீரும் விட்டு வருவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

சாம்பல்ல இரும்புத் துண்டு இருந்துச்சு. பாட்டிக்கு முட்டி ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க. அதையும் கடல்லயே போடணுமா?

வேண்டாம். மாற்று மூட்டும் திருகாணிகளும் உருகாமல் மிஞ்சும். பல இடங்களில் ஊழியர்களே காந்தத்தால் எடுத்துவிடுவார்கள்; மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவரானால் தகனத்துக்கு முன்பே மருத்துவமனையில் சொல்லி அகற்றியாக வேண்டும். அதன் மின்கலம் உலைக்குள் வெடிக்கும்.

அண்ணன் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாரு, எங்களுக்குச் சொல்லாம கரைச்சிடுவாரோன்னு பயமா இருக்கு.

இந்தக் கேள்விக்கு நான் கண்ட ஒரே பயனுள்ள விடை, எல்லாம் நடக்கும் முன்பே பேசிவிடுவது. முன்னே சொன்னபடி, சாம்பலை வாங்கச் செல்பவர் பொதுவாகக் கையொப்பமிட்டவரே. எனவே கையொப்பமிடும் முன், யார் இடுவது என்பதோடு, வாங்கிய பின் எங்கே வைப்பது, எப்போது கரைப்பது என்பதையும் உடன்பிறந்தோர் ஒரே இடத்தில் அமர்ந்து பேசுங்கள். கரைத்துவிட்ட பிறகு நீதிமன்றம் சென்றாலும் திரும்பி வராத பொருள் இது.

அந்தக் கட்டம் கடந்துவிட்டது என்றால், சண்டையை விட்டுப் பங்கு கேளுங்கள். முழுவதும் உங்களிடம் வேண்டும் என்பதைவிட, ஒரு சிறு கலயம் பிரித்துத் தாருங்கள் என்று கேட்பதற்கு அண்ணன் இசைவது எளிது. அண்ணிக்கு நெருக்கமான ஓர் அத்தையையோ மாமாவையோ தூது அனுப்புங்கள், வாட்சப்பில் எழுதாதீர்கள்.

கடல்ல கரைச்சாச்சு. இனி வருஷ திதிக்கு அங்கேயே போகணுமா? எந்த நாள்னு எப்படிக் கணக்குப் பார்க்கிறது?

கரைத்த இடத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திதியை வீட்டில் படையலிட்டும் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றியும் செய்யலாம். கடலுக்குப் போக மனம் வந்தால் எந்தக் கரையும் அதே கடல்தான்.

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். திதி என்பது இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எத்தனையாம் பிறை என்பவற்றைக் கொண்டது. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் இந்திய நேரப்படி இருக்கும், நம் கடிகாரமோ இரண்டரை மணி நேரம் முந்தியது. பினாங்கில் காலை 7 மணிக்கு ஒருவர் இறந்தால் அங்கே அதிகாலை 4.30, அந்த இடைவெளியில் திதி மாறியிருக்கக்கூடும். எனவே இறந்த தேதியோடு மணியையும் மலேசிய நேரம் என்று குறித்து, மேலே சொன்ன பத்திர உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். முதலாண்டுத் திதிக்குப் பண்டாரத்திடம் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும், அவர் நாள் குறித்துத் தருவார்.